பாரதியார் கண்ட உயிர்த்த ஞாயிறு

சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்களை நம்மவர் ஒருவாறு பங்கிட்டுக்கொண்டுவிட்டனர். மேடையில் முழங்குவோர்க்குச் சில, கச்சேரி செய்வோர்க்குச் சில, பள்ளி ஆண்டு விழாவுக்குச் சில என்று ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பகுதி போயிற்று. எவர் கைக்கும் போகாமல் ஒதுங்கிக் கிடக்கும் பாட்டுக்களும் உள. அவற்றுள் ஒன்று ‘யேசு கிறிஸ்து’ என்பது. மூன்றே செய்யுள், 24 அடி. கிறிஸ்தவ அன்பர் இதனைக் கோயிலில் பாடுவதற்குத் தயங்குவர். ஏனெனில் இதன் பொருள் அவர்தம் போதகத்தோடு முற்றிலும் பொருந்துவதன்று. ஏனையோர் இதனைக் கவிஞர் பிற சமயத்தார்க்குச் செய்த ஒரு மரியாதை எனக் கருதிப் பக்கத்தைப் புரட்டிச் செல்வர். இவ்விருவகையாரும் இழப்பது சிறிதன்று என்பது நம் கருத்து. கிறிஸ்து உயிர்த்தெழுந்த காலையைக் குறித்துத் தமிழில் எழுந்த பாட்டுக்களுள் இத்துணைச் சிறியதும் இத்துணைத் துணிவுள்ளதும் பிறிதொன்று உளதா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அதே வேளையில், இப்பாட்டில் ஒரு குறை இருப்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அக்குறை சொற்குறையோ யாப்புக் குறையோ அன்று. நம்பிக்கை என்பது எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்வியைப் பற்றியது. ஆகலின் அது பேசத்தக்கதே.

பாட்டின் போக்கை முதலிற் கூறுவோம். முதற்செய்யுளின் முன்பாதியிலேயே வரலாறு முடிந்துவிடுகின்றது. இறைவன் சிலுவையில் இறந்தான். மூன்று நாளில் எழுந்தான். மகதலேனா மரியாள் அதனை நேரிற் பார்த்தாள். அவ்வளவே. உடனே கவிஞர் தேசத்து மக்களை விளித்து, இதன் உள்ளே ஒரு பொருள் உளது, கேளுங்கள் என்று தொடங்கிவிடுகின்றார். நமது அகந்தையை நாமே கொல்வோமாயின் தெய்வம் நமக்குள் புகுந்து காக்கும் என்பது அவர் காட்டும் உட்பொருள். இரண்டாம் செய்யுளில் மகதலேனா அன்பு ஆகின்றாள். கிறிஸ்து ஆவி ஆகின்றார். தீமையின் வடிவம் கொல்லப்பட்டால் மூன்றாம் நாள் நல்லுயிர் தோன்ற, அன்பு அதன் முகத்தைக் கண்டு மகிழ்கின்றது. மூன்றாம் செய்யுளில் சிலுவை உண்மை ஆகின்றது. ஆணி தவம் ஆகின்றது. மகதலேனா பெண்மையாகவும் கிறிஸ்து அறமாகவும் விளங்குகின்றனர். நுட்பமான பொருள்தான், ஆயினும் நொடிப்பொழுதில் இதனைப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கவிஞர் முடிக்கின்றார்.

இப்பாட்டின் அருமையை உணரவேண்டுமாயின், இதனைச் சுற்றிலும் தமிழில் எத்தகைய பாட்டுக்கள் இருந்தன என்று காணல் வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையின் இலக்கியம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் தொண்டாற்றிய கோவாக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றிய வியாகுல பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லிச் சொல்லிக் கேட்போரைக் கரைப்பது. வீரமாமுனிவர் தேவதாயின் துயரத்தை அன்னை அழுங்கல் அந்தாதியாகப் பாடினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அப்பெருநூலிலிருந்து பாடப்புத்தகக்காரர் விரும்பி எடுப்பது எப்பகுதி? பழிக்கப்பட்டும் அடிக்கப்பட்டும் கிறிஸ்து வாய் திறவாது நிற்கும் பகுதியையே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி பிறப்பைக் கொண்டாடுகின்றது என்பது மெய்தான். கண்ணதாசன் தம் இறுதிக் காலத்திற் பாடிய இயேசு காவியம் பிறப்பு முதல் உயிர்ப்பு வரை முழு வரலாற்றையும் எடுத்துக்கொள்கின்றது என்பதும் மெய். எனினும் மக்கள் நெஞ்சில் ஊறி நின்றவை எவை என்று கேட்டால், அழுகைப் பாட்டுக்களே என்போம்.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. அழுவதற்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. ஒப்பாரி என்னும் பெருஞ்செல்வம் எழுத்தறியாத கிழவியரிடமும் இருந்தது. அதனைக் கிறிஸ்துவின் சவத்தருகே கொண்டுபோய் வைப்பது எளிதாயிற்று. இறந்தவர் எழுந்துவந்தால் பாடுவதற்குத்தான் நம் பாட்டியர் பாட்டு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை!

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்நிலை சற்றுத் தலைகீழாக இருப்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். பெரிய வெள்ளி மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே பொது விடுமுறை. நமது பகாங்கில் அன்றும் பெரட்டு உண்டு. அன்றும் கொழுந்து உண்டு. நண்பகல் தொடங்கி மூன்று மணி நேரம் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனைக்கு வேலைக்காரர் எங்ஙனம் போவர்? ஆகவே அழுகையின் நாளை வேலை விழுங்கிவிடுகின்றது. ஞாயிறு ஒன்றே அவர்கட்கு எஞ்சுகின்றது. இருள் பிரியுமுன் எழுந்து, கம்பளி சுற்றிக்கொண்டு, மூடுபனிக்குள் கோயிலுக்கு நடப்போர்க்கு அந்த ஒரு காலையே முழுத் திருநாள். அவர்கட்கு வெள்ளிக்கிழமைப் பாட்டு நிறைய உளது; ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுத்தான் போதவில்லை.

ஆங்கில வாயிலாகக் கல்வி கற்ற நம்போலியர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் படித்த ஈஸ்டர் ஓர் ஆங்கில இளவேனில். பனி உருகுகின்றது, பூ முகிழ்க்கின்றது, ஆட்டுக்குட்டி துள்ளுகின்றது, ஆகையால் கிறிஸ்துவும் எழுந்தார் என்பது போன்ற ஒரு மயக்கம் அப்பாட்டுக்களிற் பரவியிருக்கும். ஈஸ்டர் என்னும் சொல்லே ஏயோஸ்த்ரே என்னும் பழைய தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்று 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி பீட் எழுதிவைத்தார். வில்லியம் கேமரன் 1885இல் அளந்து சென்ற இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, இளவேனில் என்று ஒன்று வந்ததில்லை. பன்னிரண்டு திங்களும் ஒரே குளிர், ஒரே மழை, ஒரே பச்சை. பருவத்தைக் காட்டி நம்பிக்கையைப் பிறப்பிக்க இங்கே வழியில்லை.

பருவம் இல்லாத குறையை நம் பிரசங்கியார் கவ்வாத்தைக் கொண்டு நிரப்புவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் அது பட்ட கட்டைபோல் நிற்கும். சில வாரத்தில் துளிர்க்கும். பார்த்தீர்களா, இதுவே உயிர்த்தெழுதல் என்பர். தோட்டத்தில் வேலை பார்ப்பவன் இதைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வான். கவ்வாத்து வெட்டிய செடி சாகவில்லை. அதன் வேர் ஆழத்தில் உயிரோடு இருக்கின்றது. துளிர்க்கும் என்று அறிந்தே கத்தி எடுக்கின்றோம். துளிர்க்கும் என்று முன்னரே தெரிந்த இடத்தில் நம்பிக்கைக்கு என்ன வேலை? உண்மையிலே செத்த செடியைப் பிடுங்கித்தான் எறிகின்றோம். மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனபோது கவ்வாத்து வெட்டிய செடியைப் பார்க்கப் போகவில்லை.

இங்கேதான் பாரதியாரின் கண் கூர்மையானது. உயிர்ப்பைப் பாடப் புகுந்த அவர் பூவையும் பனியையும் பிரசங்கியாரின் உவமைகளையும் தேடவில்லை. ஒரு பெண்ணை முன்னே நிறுத்தினார். அவர் பாட்டில் யேசு கிறிஸ்து என்னும் பெயர் மூன்று முறை வருகின்றது. மகதலேனாவின் பெயரோ நான்கு முறை வருகின்றது. பேதுரு இல்லை, யோவான் இல்லை, பதினொருவருள் ஒருவரும் இல்லை. இவ்வளவு சிறிய பாட்டில் ஒரு பெயரை நான்கு முறை சொல்லுவது யாப்பு நிரப்புவதற்காக அன்று.

இதன் அருமை அவளுக்கு நேர்ந்த அவமதிப்பை அறிந்தார்க்கே விளங்கும். கல்லறையிலிருந்து திரும்பிய பெண்கள் சொன்ன செய்தியைச் சீடர் வீண்பேச்சென்று தள்ளினர் என லூக்காவே ஒளிக்காமல் எழுதுகின்றார். பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில், எழுந்தவரைக் கண்டவர் இன்னின்னார் என்று நிரல்படக் கூறுகின்றார். அந்நிரலில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சுஸ் என்பவன், பித்துப் பிடித்த ஒரு பெண்ணின் பேச்சை நம்பி எழுந்த சமயம் இது என்று ஏளனம் செய்தான். அவன் பகைவன், ஏளனம் செய்தான், போகட்டும். நண்பர் செய்தது யாது? 591ஆம் ஆண்டு பெரிய கிரகோரியார் என்னும் பாப்பரசர் தம் பிரசங்கத்தில், லூக்கா பெயர் குறியாது கூறிய ஒரு பாவியான பெண்ணையும் மகதலேனாவையும் ஒருத்தியே எனக் கொண்டார். சுவிசேஷத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. எனினும் அன்று தொட்டு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு அவள் தலைவிரி கோலமாய்ப் பாவத்தை நினைந்து அழுபவளாகவே ஓவியத்திலும் பாட்டிலும் உலவினாள். மேனாட்டுத் திருச்சபை 1969இல் தன் திருநாட்குறிப்பைத் திருத்தியபோது அக்கலப்பை நீக்கியது. 2016இல் சூலைத் திங்கள் 22ஆம் நாளை அவளுக்குரிய திருவிழாவாக உயர்த்தியது.

1921இல் மறைந்த பாரதியார்க்கு இத்திருத்தங்கள் தெரிந்திருக்க வழியில்லை. எனினும் அவர் அவளுக்குக் கொடுத்த அடைமொழி பாவத்தைப் பற்றியதன்று, நேசத்தைப் பற்றியது. அவளுடைய பழைய கதை எதனையும் அவர் கிளறவில்லை. அவள் கண்டாள் என்றார். நேரிலே கண்டாள் என்றார். நீதிமன்றத்திற் சாட்சி சொல்வோரைப் பற்றி நாம் பேசும் மொழி அது. பெண்ணின் சொல் வீட்டிலும் வெளியிலும் எடுபடாதிருந்த ஒரு நாட்டில், உலகத்தின் மிகப் பெரிய செய்தி ஒன்றுக்கு ஒரு பெண்ணின் கண்ணே போதும் என்று ஒரு கவிஞர் எழுதியது சிறிய காரியமா? கொழுந்துக் கூடையை முதுகிற் கட்டிக்கொண்டு இம்மலைச் சரிவுகளில் ஏறி இறங்கிய நம் பாட்டியர்க்கு இப்பாட்டை எவரேனும் படித்துக் காட்டியிருப்பாராயின் அவர்கள் அதனை வேறு விதமாகக் கேட்டிருப்பர் என்பது உறுதி. (இன்று அக்கூடையும் அருகிவிட்டது. இயந்திரமும் கத்தரியும் வந்தன. வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் அவ்வேலைக்கு வந்தனர். நம் பெண்மக்கள் பலர் பட்டணம் இறங்கிவிட்டனர்.)

இதுவரை புகழ்ந்தோம். இனிக் குறையைச் சொல்லுவோம்.

பாரதியார் காட்டும் உட்பொருளில் கொல்லப்படுவது எது? முதலில் அகந்தை, அடுத்துத் தீமையின் வடிவம். கெட்டது சாகின்றது, நல்லது பிறக்கின்றது. கேட்பதற்கு இனிய தத்துவம். நம் நாட்டு ஞானியர் பலரும் சொன்ன தத்துவம். ஆயின் சிலுவையில் நடந்தது அதுவன்று. அங்கே கொல்லப்பட்டது தீமையன்று, குற்றமில்லாத ஒருவர். கொன்றவர் தவம் செய்தோர் அல்லர். உரோம ஆளுநனும் அவன் படைச் சேவகரும். நல்லது சாகின்றது, கெட்டது அரியணையில் இருக்கின்றது என்பதே அவ்வெள்ளிக்கிழமையின் செய்தி. அதனை அகந்தையழிவு என்று உட்பொருள் ஆக்கிவிட்டால், அநியாயமாய் இறந்தவன் ஒருவன் அங்கே இருந்தான் என்பதே மறைந்துபோகின்றது. கவிஞர் வேண்டுமென்று மறைத்தார் என்று நாம் சொல்லவில்லை. நாட்டார்க்கு ஊக்கம் ஊட்டும் அவசரத்தில் அவர் அவ்விடத்தை விரைந்து கடந்துவிட்டார் என்றே கருதுகின்றோம்.

இவ்வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் மலாயாத் தமிழரின் வரலாற்றைச் சற்றே நினைத்தல் நலம். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதை அமைத்தபோது நம் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். பேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் மாண்டனர். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமிக்கவில்லை. போர்க் கைதிகளாய் இருந்து இறந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அத்தகைய கல்லறை வரிசை இல்லை. அவர்கள் பெயரை எழுதிவைத்தவர் எவர்? அவர்கள் இறந்தபோது இறந்தது எவருடைய அகந்தை? அவர்தம் மனைவியர்க்கும் தாயர்க்கும், தீமையின் வடிவம் கொல்லப்பட்டது என்று நாம் போய் உட்பொருள் உரைக்க முடியுமா?

அப்பெண்மக்களின் துயரத்தில் ஒரு தனிக் கொடுமை இருந்தது. இறந்தாரை அடக்கம் செய்த மறுநாளோ மூன்றாம் நாளோ அவ்விடம் சென்று பால் தெளிப்பது நம்மவர் வழக்கம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவனுக்குப் பால் எங்கே தெளிப்பது? உடல் எங்கே கிடக்கின்றது என்று தெரிந்தாலன்றோ தெளிக்கலாம்? பலர் தம் வாழ்நாள் முழுதும், அவன் இறந்தான் என்று துணியவும் மாட்டாமல், வருவான் என்று நம்பவும் மாட்டாமல் இருந்தே மாண்டனர்.

இதை மனத்திற்கொண்டு யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தைப் படிப்போர்க்கு அது புதிதாக விளங்கும். மூன்றாம் நாள். இன்னும் இருட்டு. ஒரு பெண் கல்லறைக்குப் போகின்றாள். மாற்கு, லூக்கா சுவிசேஷங்கள் பெண்கள் சவத்துக்குப் பூச வாசனைப் பொருள் கொண்டுசென்றதாகக் கூறும். பால் செம்பு எடுத்துக்கொண்டு புறப்படும் நம்மவரை அவர்களிடமிருந்து வேறுபடுத்துவது கடினம். கல் புரட்டப்பட்டிருக்கின்றது. அவள் ஓடிப்போய்ச் சீடரிடம் சொல்கின்றாள். இருவர் ஓடிவருகின்றனர், உள்ளே பார்க்கின்றனர், துணிகள் கிடப்பதைக் காண்கின்றனர், வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றனர். அவள் திரும்பவில்லை. வெளியே நின்று அழுகின்றாள். எதற்காக அழுகின்றாய் என்று கேட்டவர்க்கு அவள் சொல்லும் மறுமொழியின் கருத்து இதுவே: உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் உயிரைத் தேடி வரவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவள் தேடியது பிணம். அதுவும் கிடைக்கவில்லை என்பதே அவள் துக்கம். நம் தோட்டத்துப் பெண்கள் சயாம் இருப்புப்பாதைக்குப் பின் அழுத அழுகைக்கும் இவள் அழுகைக்கும் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை.

பிறகு அவள் திரும்புகின்றாள். ஒருவர் நிற்கின்றார். யாரென்று தெரியவில்லை. அவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கின்றாள். ஐயா, நீர் எடுத்துப்போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொள்கின்றேன் என்று கேட்கின்றாள்.

தமிழ் வேதபுத்தகத்தில் இவ்விடத்தில் நிற்பது தோட்டக்காரன் என்னும் சொல்லே. யாழ்ப்பாணத்திலோ தஞ்சையிலோ இருந்து படிப்பவர்க்கு அது பூஞ்செடிக்குத் தண்ணீர் வார்ப்பவன் என்றே படும். மலாயாத் தமிழர்க்கு அங்ஙனம் படுவதில்லை. நமக்குத் தோட்டம் என்றால் ஒன்றே பொருள். லயமும் பெரட்டும் துரையும் கங்காணியும் கிராணியும் சேர்ந்தது அது. பட்டணத்தார் நம்மைத் தோட்டத்து ஆள் என்று சொல்லும்போது அச்சொல்லோடு ஓர் ஏளனமும் ஒட்டிவரும். எழுந்த கிறிஸ்துவை முதன்முதற் கண்ட கண்ணுக்கு அவர் அரசராகத் தோன்றவில்லை, ஆசாரியராகவும் தோன்றவில்லை, விடியற்காலையில் வேலைக்கு வந்து நிற்கும் ஒரு தோட்டத்து ஆளாகத் தோன்றினார். அவளும் அவனை இழிவாய்ப் பேசவில்லை. ஐயா என்றுதான் அழைத்தாள். ஆங்கிலப் பாட்டுக்களின் ஆட்டுக்குட்டியைக் காட்டிலும் பன்மடங்கு நமக்கு உரியது இக்காட்சி. தமிழ்க் கவிஞர் இதனை விரித்துப் பாடாமல் விட்டது வியப்பே. பாரதியாரும் விட்டார். மகதலேனாவை எடுத்தவர் அவள் கண்ணீரையும் அவள் மயக்கத்தையும் எடுக்கவில்லை. அவர் பாட்டில் அவள் கண்டவுடனே பொன் முகத்தைக் காண்கின்றாள். தோட்டக்காரனின் முகம் அங்கே இல்லை.

ஆக, தமிழில் ஒருபுறம் விடியல் வாராத அழுகை. மறுபுறம் அழுகை இல்லாத விடியல். வெள்ளிக்கிழமைப் புலவர் ஞாயிற்றை மறந்தனர். ஞாயிற்றைப் பாடிய கவிஞர் வெள்ளியை நொடியில் தாண்டினார். நொடியிற் பழகிக்கொள்ளலாம் என்று அவர் பாட்டு முடிவதை முன்னர்க் குறித்தோம். விடுதலை வேட்கையில் ஒரு தேசத்தைத் தட்டி எழுப்பியவர்க்கு அந்த விரைவு இயல்பு. ஆனால் முதல் உயிர்த்த ஞாயிறு அத்துணை விரைவில் மகிழ்ச்சியாக மாறியதாய்ச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்நூல், பெண்கள் நடுங்கி ஓடினர், அஞ்சியதால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றது. இத்தகைய முடிவைச் சகிக்கமாட்டாத பிற்காலத்தவர் மேலும் சில வசனங்களைச் சேர்த்தனர் என்பது அறிஞர் பலரின் முடிபு. நமக்கு அப்பழைய முடிவே பிடிக்கின்றது. செத்தவர் எழுந்தார் என்று கேட்டவுடன் கைதட்டுகின்றவனைக் காட்டிலும் நடுங்குகின்றவள் அதனை நம்பத் தொடங்கிவிட்டாள் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இவ்வளவு குறை கூறிய பின்னும் இப்பாட்டை நாம் கையிலிருந்து இறக்கி வைக்கவில்லை. காரணம், இதிலே ஒரு கதவு திறந்திருக்கின்றது. கவிஞர் கிறிஸ்தவர்களே என்று விளிக்கவில்லை, தேசத்தாரை விளித்தார். உயிர்த்த ஞாயிறு ஞானஸ்நானம் பெற்றவரின் தனிச்சொத்து அன்று. அன்பு உள்ளவர் எவரும் அக்கல்லறை வாயிலில் வந்து நிற்கலாம் என்று அவர் சொல்லாமற் சொன்னார். தானா ராத்தாவில் ஆங்கிலிக்கன் சபையார் போருக்குப் பின், பட்டாளத்தாரின் வளைந்த தகரக் குடில் ஒன்றைக் கொண்டு எழுப்பிய கோயிலுக்கு, இறந்த ஆன்மாக்கள் அனைத்தின் பெயராலும் ஆல் சோல்ஸ் என்று பெயரிட்டனர். அப்பெயரின் பரப்பு பாரதியார் பாட்டிலும் உளது. எல்லாரும் என்றால் எல்லாரும்தான். சயாமிற் கிடப்பவரும் அதிற் சேர்த்தி.

தமிழ்ச் சொல் ஒன்றும் கவிஞர்க்குத் துணைநின்றிருக்கக்கூடும். அவர் அதனை எடுத்தாளவில்லை. நாம் இத்திருநாளை உயிர்த்த ஞாயிறு என்கின்றோம். ஞாயிறு கிழமையும் ஆம், கதிரவனும் ஆம். பேதப் பெண்தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒளி இதில் இருக்கின்றது. பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் கதிரவன் மலைமுகட்டைத் தாண்டி வர நேரமாகும். வெளிச்சம் முதலில் வருகின்றது; சூரியனைப் பின்னர்த்தான் காண்கின்றோம். இடையிலுள்ள அந்த அரைமணி நேரத்தில் எதிரே நிற்பவர் யாரென்று முகம் தெரியாது. ஆள் நிற்பது மட்டும் தெரியும். மகதலேனா ஏமாந்தது அந்த வெளிச்சத்தில்தான்.

அவள் எப்போது தெளிந்தாள்? முகத்தைக் கண்டு அன்று. விளக்கம் கேட்டும் அன்று. அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். மரியாள் என்ற ஒரு சொல்லே. உடனே அவள் அறிந்துகொண்டாள். பெயர் எழுதுவதும் பெயர் கூப்பிடுவதும் நமது தொழில். அதிகாலையில் பெரட்டுக்களத்தில் நின்று வரிசையாகப் பெயர்களைப் படிக்கும்போது, இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக மறுமொழி வரும். கூப்பிட்டும் குரல் வாராத பெயருக்கு எதிரே ஒரு குறி இடுவோம். 1943இல் அத்தகைய குறிகள் எத்தனை இடப்பட்டனவோ! பாரதியார் மகதலேனாவின் பெயரை நான்கு முறை எழுதினார். அவளை அன்பு என்றார், பெண்மை என்றார். ஆனால் அவர் பாட்டினுள்ளே அவளைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த ஓரடியை எழுதுவதற்கு இன்னும் இடம் இருக்கின்றது. அதனை எழுதுபவர் தோட்டத்திலிருந்து வருவாரா, பட்டணத்திலிருந்து வருவாரா என்று நாம் காத்திருக்கின்றோம்.